ராத்தங்கலிலிருந்து தொடங்குங்கள்

(நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பிப்ரவரி மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

கோடை விடுமுறையைப் பற்றிப் பேச பிப்ரவரியிலேயே ஆள் கூப்பிடுகிறீர்களே என்று நம் செயலாளரை யாரோ கேட்டார்களாம். ஆர்.வி. எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்களைக் கேட்டால், பிப்ரவரியே சற்றுத் தாமதம் என்பார்கள். ஜூலையில் தூங்கப் போகும் இடத்துக்காக ஜனவரியில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறவர்கள் அவர்கள். அந்த அலாரம் எதற்காக என்பதைச் சொல்லத்தான் இந்த உரை.

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் தன் முதுகில் வைத்துக்கொண்டு ஓடும் வண்டியைத்தான் ஆர்.வி. என்கிறோம். இந்த வண்டியின் வரலாறு நீளமானது. 1910-இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ‘டூரிங் லேண்டோ’ என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. பின் இருக்கை படுக்கையாக விரியும், கழுவு தொட்டி உண்டு, கழிகலம் உண்டு. 1919-இல் புளோரிடாவில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கமே தோன்றிவிட்டது. 1960-இல் எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் ஒரு பிக்கப் லாரியின் மேல் அறை ஒன்றைப் பொருத்தி, அதற்கு ரோசினான்டே என்று டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்து, தன் நாயுடன் நாட்டைச் சுற்றினார். 1962-இல் சியாட்டில் உலகப் பொருட்காட்சிக்குப் போகிற கூட்டம் மொன்டானாவின் பில்லிங்ஸ் வழியாகச் செல்வதைப் பார்த்த டேவ் டிரம் என்பவர், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் தனக்கிருந்த நிலத்தில் முகாம் ஒன்றைத் திறந்தார். இன்று நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மஞ்சள் பலகையோடு நிற்கிற கே.ஓ.ஏ. முகாம்கள் அங்கேதான் பிறந்தன. இந்த நாட்டில் ஓடும் ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இன்றைக்கும் இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது.

சாலையில் கிளம்பினால் சுதந்திரம் என்று விளம்பரங்கள் சொல்லும். எல்லோருக்கும் அது ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. நமக்கு அருகில், வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் லூயிஸ் மவுன்டன் என்ற முகாம் இருக்கிறது. 1939-இல் திறந்தபோது கறுப்பினத்தவருக்கென்று பலகை மாட்டித் தனியே ஒதுக்கிய இடம் அது. பூங்கா முழுவதும் எல்லோருக்கும் பொதுவாக 1950 ஆயிற்று. இன்று அங்கே நம் குழந்தைகள் மார்ஷ்மெல்லோ சுடுகிறார்கள். அந்தப் பலகை அங்கே இருந்ததையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் பயணத் திட்டம் எப்படி உருவாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் எக்செல் அட்டவணை ஒன்றைத் திறப்பார். பத்து நாள், ஐந்து பூங்கா, நடுவில் லாஸ் வேகஸ், வழியில் ஒரு கோவில். காலை ஆறு மணிக்குக் கிளம்புவது, இரவு பதினொன்றுக்கு ஏதோ ஒரு மோட்டலில் விழுவது. காரில் போனால் இது நடந்துவிடும். பகலைத் திட்டமிட்டால் போதும், இரவு தானாக அமையும். எந்த நெடுஞ்சாலை வெளிவாயிலிலும் நாலு மோட்டல் இருக்கும்.

ஆர்.வி.யில் இது தலைகீழ். முதலில் இரவுகளைப் போட வேண்டும். உங்கள் வண்டியின் நீளத்துக்கு இடம், தேவையானால் மின்சாரம், நீர், கழிவை இறக்க வசதி, இத்தனையும் ஒத்துவருகிற ஓர் எண்ணிட்ட தளம் ஒவ்வோர் இரவுக்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அந்தத் தளங்கள் எங்கே கிடைக்கின்றனவோ அவற்றைச் சுற்றித்தான் பகல்கள் அமையும். ராத்தங்கல் முதலில், காட்சி பிறகு. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

ராத்தங்கலை முடிவு செய்ய வண்டியின் நீளம் தெரிய வேண்டும். ஆகவே இடத்துக்கும் முன்னால் வண்டி. ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு சொல்வார்கள். ஏ என்பது பேருந்து அளவு. பி என்பது வேனுக்குள்ளேயே எல்லாம் அடங்கியது, இரண்டு பேருக்கு அருமை, பிள்ளைகளோடு நெருக்கடி. நாலைந்து பேர் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் எடுப்பது சி. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். 25 அடியிலிருந்து 30 அடி வரை கிடைக்கும், உயரம் சுமார் 12 அடி. பெரும்பாலான மாநிலங்களில் இதை ஓட்டச் சாதாரண உரிமமே போதும். போதும் என்பதாலேயே பலர் ஓட்டத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீட்டிக்கொண்டிருக்கும் உடல், நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்கில் மஞ்சள் கம்பத்தை உரசுகிறவர்கள் எல்லோரும் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டியவர்கள்தான்.

படுக்கை எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள், சீட் பெல்ட் எத்தனை என்று பாருங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்ற வண்டியில் முன்னோக்கிய பெல்ட் இருக்கைகள் குறைவாக இருக்கலாம். குழந்தையின் கார் சீட்டை முன்னோக்கிய இருக்கையில்தான் பொருத்த வேண்டும், பக்கவாட்டு சோபாவில் கூடாது. ஓடுகிற வண்டியில் எழுந்து நடந்து குளிர்பெட்டியைத் திறப்பதெல்லாம் விளம்பரப் படங்களில் வைத்துக்கொள்ளட்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ‘இந்த அளவு அல்லது இதைப் போன்றது’ என்று எழுதியிருக்கும். 25 அடிக்குப் பணம் கட்டியவர்களுக்கு 28 அடி கையில் வரலாம். முகாம் தளத்தை மூன்றடி கூட்டியே பதிவு செய்யுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், பூங்காக்கள் அடிக்கணக்கில் கறாரானவை. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பின் மேதர் முகாமில் 30 அடிதான் எல்லை, மின்சார இணைப்பும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜில் மின்சாரம், நீர், கழிவு என முழு இணைப்போடு 50 அடி வண்டிக்கும் இடமுண்டு. இரண்டும் வெவ்வேறு பதிவுமுறை.

சாலைகளும் அளவு கேட்கும். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் 1930-களின் தொடக்கத்தில் போட்டு முடித்த கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை விடமாட்டார்கள். அதாவது நீங்கள் வாடகைக்கு எடுக்கிற சி வகுப்பு எதுவும் ஏற முடியாது. வண்டியை முகாமில் விட்டுவிட்டு, பூங்காப் பேருந்திலோ அந்தக் காலத்துச் சிவப்பு பஸ்களிலோ இடம் பிடித்துப் போக வேண்டும். யூட்டாவின் ஜயான் பூங்காவில் 1930-இல் திறந்த மலைச்சுரங்கம் 1.1 மைல் நீளம். அந்தக் காலத்துக் கார்களுக்காக வெட்டியது, மேற்புறம் வளைவு. 11 அடி 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரமான வண்டி தன் பாதையில் போனால் கூரை இடிக்கும். எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, நடுவில் ஓட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2026 முதல் பெரிய வண்டிகளை அந்தச் சாலையிலிருந்தே விலக்கும் திட்டத்தையும் அறிவித்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப்பக்கமே பாருங்களேன். லாங் ஐலண்டின் பார்க்வே சாலைகளில் பத்தடிக்கும் குறைவான பாலங்கள் இருக்கின்றன. கையிலிருக்கும் போனின் வழிகாட்டி உங்களைக் கார் என்று நினைத்து அங்கே அனுப்பும். வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் பால்டிமோர் துறைமுகத்தின் இரண்டு சுரங்கங்களிலும் ஆர்.வி.யின் புரொப்பேன் எரிவாயுத் தொட்டியோடு நுழையக் கூடாது. முன்பெல்லாம் அதற்கு மாற்று வழி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். 2024 மார்ச் 26-ஆம் தேதி சரக்குக் கப்பல் மோதி அது விழுந்துவிட்டது. இப்போது 695 நெடுஞ்சாலையில் மேற்காகச் சுற்றித்தான் போக வேண்டும். வண்டியின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள். அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

பதிவைப் பற்றிச் சொல்கிறேன். அரசு முகாம்கள் பலவற்றுக்கு ரிக்ரியேஷன்.கவ் என்ற ஒரே இணையதளம். பல இடங்களில் ஆறு மாதம் முன்னதாகத் திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பைன்ஸ் முகாம்கள் ஐந்து மாதம் முன்னதாக, மாதத்தின் 15-ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை ஏழுக்கு. நமக்குப் பத்து மணி. ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாகத் திறந்து, நீங்கள் காபியை ஆற்றுவதற்குள் தீர்ந்துபோகும். கணக்கைத் திறந்து, வண்டி நீளத்தை நிரப்பி, வேண்டிய தள எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். கணவன் மனைவி இருவரும் தனித்தனிக் கணக்கில் முயலலாம். கிடைக்கவில்லையா, ரத்தாகும் இடங்களுக்காகத் தினம் ஒருமுறை பாருங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு நிறையப் பேர் மனம் மாறுவார்கள்.

ஒரு பயணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். யெல்லோஸ்டோனை எடுத்துக்கொள்கிறேன். 1872-இல் உருவான உலகின் முதல் தேசியப் பூங்கா என்பதற்காக மட்டும் அல்ல, நம்மவர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான் என்பதற்காக.

இங்கிருந்தே ஓட்டிப் போகலாமா என்று ஒரு நண்பர் வாசலில் கேட்டார். போக 2,000 மைலுக்கு மேல், வர அதே அளவு. விடுமுறை முழுவதும் நெப்ராஸ்காவின் சோளக்காட்டில் போய்விடும். சால்ட் லேக் சிட்டிக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுங்கள். வண்டி கைக்கு வரப் பெரும்பாலும் மதியமாகும். செயல்முறை விளக்கம், காணொளி, கையெழுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் போனில் படமெடுப்பது, பிறகு மளிகை. எனவே முதல் இரவு அந்த ஊரிலேயே, முழு இணைப்புள்ள தனியார் முகாமில். எந்த விளக்கு எங்கே, கழிப்பறை மிதியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஊர் வெளிச்சத்தில் கற்றுக்கொள்ளுங்கள், காட்டு இருட்டில் வேண்டாம்.

இந்த வண்டிக்காரர்களிடம் மூன்று-மூன்று-மூன்று என்ற கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் முகாமில் இரு, ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்கு. நம் எக்செல்காரர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை இரவு பத்து மணிக்கு, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மனைவி பின்னால் நின்று ‘வாங்க வாங்க’ என்று சொல்ல, மரத்துக்கும் பாறைக்கும் நடுவில் 28 அடி வண்டியைப் பின்னோக்கி நுழைத்துப் பார்த்தவர் சிரிக்க மாட்டார்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்குச் சுமார் 320 மைல். கணக்கை மீறுகிறது. ஐடஹோ ஃபால்ஸ் 210 மைலில் வருகிறது. ஸ்நேக் ஆற்றங்கரை ஊர். அங்கே இரண்டாம் இரவு. மறுநாள் மீதி 110 மைல், வழியில் மேசா அருவியையும் பார்த்துவிடலாம். பிற்பகலுக்குள் மேற்கு வாயிலைத் தாண்டி 14 மைல் போனால் மேடிசன் முகாம். கிப்பன், ஃபயர்ஹோல் என்ற இரண்டு ஆறுகள் கூடி மேடிசன் ஆறாகும் இடம். அங்கே மூன்று இரவு. மின் இணைப்பு கிடையாது, ஆனால் கழிவு இறக்கும் நிலையம் உண்டு. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று 16 மைல்தான். பெரிய வண்டி நிறுத்த அங்கே இடம் தாராளம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று இருக்கும் மிட்வே நிறுத்தம் அப்படியல்ல, முற்பகலிலேயே நிரம்பிவிடும். காலை எட்டரைக்குள் போங்கள், இல்லையேல் மாலை ஐந்துக்கு மேல்.

பூங்காவுக்குள் எண் எட்டு வடிவத்தில் ஓடுகிறது 142 மைல் சுற்றுச்சாலை. வேக எல்லை பெரும்பாலும் 45 மைல். அதுவும் காட்டெருமைகள் சம்மதித்தால். ஒரு மந்தை சாலையில் இறங்கிவிட்டால் அரை மணியோ ஒரு மணியோ, அவை பார்த்து வழி விட்டால்தான் உண்டு. காட்டெருமையிடம் 25 கெஜம், கரடி, ஓநாயிடம் 100 கெஜம் தள்ளி நிற்பது விதி. செல்ஃபிக்காக இதை மீறுகிறவர்கள் ஆண்டுதோறும் முட்டுப்பட்டுச் செய்தியில் வருகிறார்கள்.

மேடிசனுக்குப் பிறகு யெல்லோஸ்டோன் ஏரிப்பக்கம் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம், இரண்டு இரவு. யெல்லோஸ்டோனுக்குள்ளேயே நீர், மின்சாரம், கழிவு மூன்றுக்கும் இணைப்புள்ள ஒரே முகாம் இது. கிரிஸ்லி கரடி நடமாடும் பகுதி என்பதால் துணிச்சுவர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குளியலறையும் சலவை எந்திரமும் உண்டு. நடுப் பயணத்தில் சலவை எந்திரத்தைக் கண்டதும் வருகிற மகிழ்ச்சியை எந்தப் பயண நூலும் சொல்வதில்லை. மேடிசனையும் இதையும் நடத்துவது பூங்காவின் ஒப்பந்த நிறுவனம். அரசு இணையதளத்தில் தேடினால் வராது, அவர்களிடம் தனியே பதிய வேண்டும். பிறகு தெற்கே கிராண்ட் டீட்டன் பூங்காவின் கோல்ட்டர் பே. அங்கும் முழு இணைப்பு உண்டு. திரும்பும்போது ஜாக்சனிலிருந்து மேற்கே டீட்டன் கணவாயைத் தவிருங்கள், பத்து விழுக்காடு சரிவு. ஸ்நேக் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஆல்பைன் போய், தெற்கே இறங்கலாம். எந்த மலைச்சரிவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைப் பிடியுங்கள்.

பத்து நாளுக்கு இரண்டே பூங்காவா என்று முகம் சுளிப்பது தெரிகிறது. ஆமாம், இரண்டே.

இனி வண்டிக்குள். ஒரு சி வகுப்பு வண்டியில் நல்ல நீர் ஏறக்குறைய 40 கேலன், அதாவது 150 லிட்டர் கொள்ளும். அமெரிக்கக் குளியல் குழாய் நிமிடத்துக்கு இரண்டரை கேலன் வரை ஊற்றலாம். பத்து நிமிடம் நின்றால் 25 கேலன். இணைப்பில்லாத முகாமில் இரண்டு பேர் அப்படிக் குளித்தால் பாத்திரம் கழுவ நீர் இல்லை. ஊற்றி நனைந்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றுவதைக் கடற்படைக் குளியல் என்கிறார்கள் இங்கே. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு வாளி, ஒரு மக். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி தேவை. வெந்நீர்த் தொட்டி ஆறு கேலன்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள், அலறலைத் தவிர்க்கலாம்.

கழிவுத் தொட்டி இரண்டு. குளியல், பாத்திர நீர் சேர்வது கிரே டாங்க். கழிப்பறை சேர்வது பிளாக் டாங்க். முழு இணைப்பில் நிற்கும்போதும் பிளாக் டாங்க்கின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் வடிந்து போய்விடும், மற்றது தங்கி இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் இறக்க வேண்டும். கையுறை போட்டு, குழாயை இறுகப் பூட்டி, முதலில் பிளாக், பிறகு கிரே. அப்போதுதான் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். பிளாக் டாங்க் அடைபட முதல் காரணம் காகிதம் அதிகம், நீர் குறைவு. நீரால் கழுவும் நம் வழக்கம் இங்கே தொட்டிக்கு நல்லது. சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். இந்த வேலையை யார் செய்வது என்று கிளம்புமுன் முடிவு செய்யுங்கள். ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்றால் வாடகைக்குப் பணம் கட்டியவர் தலையில் விழும்.

மின்சாரம். சி வகுப்பு வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்பியர். 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏ.சி. ஓடுகிறது, மைக்ரோவேவ் ஓடுகிறது, மாமியார் மின்கெட்டிலைப் போடுகிறார், எல்லாம் அணைகிறது. இரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். ஊரிலிருந்து வந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே உதவாது, பொடியும் விழுதும் வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வாருங்கள். யெல்லோஸ்டோனில் ஜெனரேட்டருக்கு அனுமதி உள்ள முகாம்களிலும் காலை 8 முதல் இரவு 8 வரைதான். ஜூலையிலும் இரவில் உறைநிலையை நெருங்கும் ஊர் அது. குளிருக்கு வண்டியின் ஹீட்டர் இருக்கிறது. சமையல் அடுப்பை எரியவிட்டுக் கதகதப்பு தேடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும்.

சமையலுக்கு வருகிறேன். யெல்லோஸ்டோன் ஏரிப்பக்கம் உயரம் 7,700 அடிக்கு மேல். அங்கே நீர் 92 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை வேகவைத்து முடிப்பதற்குள் புரொப்பேன் தீர்ந்துவிடும். குக்கர் கட்டாயம், வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக. இட்லி மாவை எடுத்துப் போனால் பாத்திரத்தில் பாதியைக் காலியாக விடுங்கள், வளைவில் அது பொங்கினால் குளிர்பெட்டி முழுவதும் மாவுதான். மிளகாய் தாளிப்பதை வண்டிக்குள் செய்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும், பக்கத்துத் தளத்துக்காரர் ஓடிவருவார். முகாமில் தளத்துக்கு ஒரு மேஜை உண்டு. சின்ன அடுப்பு ஒன்றை வெளியே வைத்துத் தாளியுங்கள். முடிந்ததும் எண்ணெய்ப் பாத்திரம் முதல் தயிர் டப்பா வரை ஒன்றுவிடாமல் உள்ளே போக வேண்டும். கரடிக்குச் சாம்பார் பழக்கமில்லை, பழக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயம். நூறு வருடம் முன்பு ஹென்றி ஃபோர்டு, ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ், நம் நியூ ஜெர்சிக்காரரான தாமஸ் எடிசன் ஆகியோர் கோடைதோறும் காட்டில் முகாமிட்டார்கள். எளிய வாழ்க்கை என்று பத்திரிகைகள் படம் போட்டன. கூடவே சமையல் வண்டியும் சமையற்காரர்களும் போனார்கள். நம் குடும்பங்களின் ஆர்.வி. பயணத்தில் அந்தச் சமையற்காரர் யார்? வீட்டில் நான்கு அடுப்பில் சமைக்கிற பெண்ணை மூன்று அடுப்பு, தலை முட்டும் கூரை, சொட்டுச் சொட்டான நீரோடு காட்டில் சமைக்க வைத்துவிட்டு, ‘இந்தத் தடவை ஓட்டல் செலவே இல்லை’ என்று ஆண்கள் பெருமை பேசுவதை நான் பல விருந்துகளில் கேட்டிருக்கிறேன். ராத்தங்கல் அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். எந்த வேளை யார் சமைக்கிறார், யார் கழுவுகிறார், யார் கழிவை இறக்குகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கும் பெயர் வர வேண்டும். படியை மடக்கியாயிற்றா, மின்கம்பியைக் கழற்றியாயிற்றா, அலமாரித் தாழ் விழுந்ததா என்று கிளம்புமுன் சரிபார்ப்பதைப் பிள்ளைகளிடமே விடலாம், அவர்கள் நம்மைவிடக் கறார். பால் வாங்கப் போனாலும் வீடே போகிற வாழ்க்கை இது, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை இந்தச் சரிபார்ப்பு இருக்கும்.

இது மலிவா என்று கேட்பீர்கள். இல்லை. நாள் வாடகை, மைல் கட்டணம், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, பாத்திரப் பெட்டி, படுக்கைப் பெட்டி எல்லாம் பல இடங்களில் தனித்தனி. வண்டி கேலனுக்குச் சுமார் எட்டு மைல் போகும். நான் சொன்ன சுற்று சுமார் 900 மைல் என்றால் 112 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்று வைத்தால் 400 டாலருக்குச் சற்றுக் குறைவு. முகாம் வாடகை வேறு. நாலு பேருக்கு ஒரு காரும் நடுத்தர மோட்டலும் பல சமயம் குறைவாகவே முடியும். சேமிப்புக்காக ஆர்.வி. எடுக்காதீர்கள். சொந்தக் கார் காப்பீடு இதற்குப் பொருந்துமா, கூரையிலும் அடிப்புறத்திலும் அடிபட்டால் யார் கொடுப்பது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரைச் சேதத்தை விலக்கிவைக்கும் ஒப்பந்தங்கள் சாதாரணம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா? வண்டிக்குள்ளேயே கழிப்பறை, வேளைக்குத் தங்கள் சாப்பாடு, மதியம் கால் நீட்டப் படுக்கை. காரில் எட்டு மணி நேரம் மடங்கி உட்காருவதைவிட அவர்களுக்கு இது நல்லது. ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் படுக்கைக்கு ஏணியில் ஏறச் சொல்லாதீர்கள். பின் படுக்கை அவர்களுக்கு, மேலே பிள்ளைகளுக்கு. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள, 62 வயது நிரம்பியவர்களுக்கு வாழ்நாள் பூங்கா அட்டை 80 டாலர். விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. வெளிநாட்டவர் கட்டண விதிகள் அண்மையில் மாறியிருக்கின்றன, கிளம்புமுன் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஆண்டு இலவச அட்டை உண்டு.

புதிதாகப் போகிறவர்கள் நேரே யெல்லோஸ்டோனில் தொடங்க வேண்டாம். மே மாதத்தில் ஒரு வார இறுதியில், வீட்டிலிருந்து நூறு மைலுக்குள், இரண்டு இரவு போய்ப் பாருங்கள். பிறகு ஷெனன்டோவா. அங்கே 105 மைல் ஸ்கைலைன் டிரைவில் 35 மைல் வேகத்துக்கு மேல் யாரும் போகக் கூடாது, கற்றுக்கொள்ள ஏற்ற சாலை. மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம், உங்கள் ஏ.சி. பெட்டியையும் சேர்த்து அளந்துகொண்டு போங்கள்.

இந்தக் கோடைக்கே யெல்லோஸ்டோன்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மேடிசன் நிரம்பியிருந்தால் பூங்காவுக்கு வெளியே பாருங்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோனுக்கு வடக்கே மூன்று மைலில், மேடிசன் ஆற்றங்கரையில், வனத்துறையின் பேக்கர்ஸ் ஹோல் முகாம் இருக்கிறது. சில தளங்களில் மின்சாரமும் உண்டு. ஊருக்குள் தனியார் முகாம்களும் உண்டு. அங்கே தங்கினால் தினமும் வாயிலில் வரிசை நிற்க வேண்டியிருக்கும், ஆகவே காலை ஏழுக்கு முன் கிளம்பும் குடும்பமாக நீங்கள் மாற வேண்டும். அது முடியாது என்று தெரிந்தவர்கள் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குத் தேதியைத் தள்ளலாமா என்று பள்ளிக்கூட நாட்காட்டியைப் பாருங்கள். இனி உங்கள் கேள்விகள்.